அமெரிக்காவின்ர பழைய ரெயில்வே தொழிலாளரைப் பற்றி ஒரு கூட்டம் வைக்கப் போறீங்களா, இப்பிடிச் செய்து பாருங்கோ

மே தினம் வந்தா திருகோணமலையில எந்தச் சங்கத்துக் கூட்டத்துக்குப் போனாலும் 1886 சிக்காகோவில இருந்துதான் பேச்சைத் தொடங்குவினம். அது சரிதான், எட்டு மணி நேர வேலைக்காகச் செத்த ஆக்களை நினைக்காமல் மே தினம் இல்லை. ஆனா அதுக்கு ஐம்பது வருஷத்துக்கு முந்தியே அமெரிக்காவில ரெயில்பாதை போட்ட ஆக்கள் குடுக்காத சம்பளத்துக்காக தாங்கள் போட்ட தண்டவாளத்தைத் தாங்களே கிளப்பி எறிஞ்சிருக்கினம் எண்டது கனபேருக்குத் தெரியாது. எங்கட ஊரில ஹார்பர் ஆக்கள், சீனன்குடா மா ஆலை, சீமெந்து ஆலை ஆக்கள், ரெயில்வே ஆக்கள், மேன்பவர் கொம்பனியால வந்து நாட்சம்பளத்துக்கு நிக்கிற பொடியள் எண்டு எல்லாரும் இருக்கிறபடியா இந்த விஷயம் இங்க நல்லா எடுபடும். சின்ன வாசிப்பு வட்டமோ, சங்கத்து இளைஞர் பகுதியோ, ஏஎல் வரலாறு படிக்கிற பிள்ளைகளோ, ஆர் செய்தாலும் பின்னேரம் ஒரு ஒன்றரை மணித்தியாலத்தில முடிக்கிற மாதிரி எப்பிடிச் செய்யிறது எண்டு எழுதுறன்.

முதல்ல முழு வரலாற்றையும் சொல்ல வெளிக்கிடாதேங்கோ. 1828இல பால்டிமோர் அண்ட் ஓகாயோ கொம்பனி முதல் கல்லு வைச்சது, 1869இல ப்ரொமொன்டரியில ரெண்டு பாதையும் சந்திச்சு தங்க ஆணி அடிச்சது, எந்த முதலாளி எவ்வளவு கோடி வைச்சிருந்தான் எண்டெல்லாம் தொடங்கினா ஷிஃப்ட் முடிச்சு வந்த மனிசன் பத்து நிமிஷத்தில தூங்கிடுவார். ஒரே ஒரு கேள்வியை எடுங்கோ. ஏதாவது பிழைச்சுப் போனா அந்த நட்டம் ஆற்ற தலையில விழுந்தது? பெரிய மட்டையில இதை எழுதி முன்னால தொங்க விடுங்கோ, பிறகு நாலைஞ்சு சம்பவம் மட்டும் சொல்லுங்கோ, ஒவ்வொண்டு முடியவும் இந்தக் கேள்வியைச் சபையிட்டக் கேளுங்கோ. பதிலை நீங்கள் சொல்லக் கூடாது, அவைதான் சொல்ல வேணும்.

முதல் சம்பவமா 1831ஐ வையுங்கோ. மேரிலண்ட் மாநிலத்தில சைக்ஸ்வில் எண்ட இடத்துக்குப் பக்கத்தில பால்டிமோர் அண்ட் ஓகாயோ பாதை போட்டுக்கொண்டிருந்த ஆக்கள் கனபேர் அயர்லாந்தில இருந்து வந்த ஏழையள். கொம்பனி நேர சம்பளம் குடுக்கிறேல்ல, கொன்ட்ராக்ட்காரரிட்டக் குடுக்கும், அவர் ஆக்களுக்குக் குடுக்க வேணும். அந்த ஜூன் மாசம் ஒரு கொன்ட்ராக்ட்காரர் சம்பளத்தைக் குடுக்காமலே ஆள் மாறிட்டார். தொழிலாளர் தங்கட உழைப்பைத் தாங்களே உடைக்கத் தொடங்கிச்சினம், ஏனெண்டா அவையிட்ட இருந்த ஒரே பிடி அந்தப் பாதைதான். பால்டிமோரில இருந்து படை வந்தது, அதுவும் அவை போட்ட அதே பாதையால வந்தது, ஆக்களைப் பிடிச்சுக்கொண்டு போச்சுது. இதைச் சொல்லி முடிய மேன்பவர் பொடியள் ஆரும் இருந்தா ஒண்டும் விளக்கத் தேவையில்லை, அவை தாங்களாவே கதைக்கத் தொடங்குவினம், அந்த நேரம் தடுக்காமல் விடுங்கோ.

அடுத்தது ரெண்டு சம்பவத்தைச் சோடியாச் சொல்ல வேணும், தனித்தனியாச் சொன்னா சாரம் போயிடும். நிக்கலஸ் ஃபார்வெல் எண்டு ஒரு எஞ்சின் ட்ரைவர், பொஸ்டன் அண்ட் வூஸ்டர் ரெயில்வேயில நாளுக்கு 2 டொலர் சம்பளம். 1837 ஒக்டோபரில பொயின்ட்காரர் பொயின்ட்டை, அதாவது ரெயிலை ஒரு பாதையில இருந்து மற்றப் பாதைக்குத் திருப்புற தண்டவாளத்தை, சரியாப் போடாமல் விட்டதில எஞ்சின் தடம் புரண்டு அவற்ற வலது கை போயிட்டுது. 10,000 டொலர் நட்டஈடு கேட்டு வழக்குப் போட்டார். 1842இல மசாசூசெட்ஸ் உயர் நீதிமன்றத்தில தலைமை நீதியரசர் லெமுவேல் ஷோ குடுத்த தீர்ப்பு என்னெண்டா, பிழை விட்டது உன்னோட வேலை செய்யிற இன்னொரு தொழிலாளி, கொம்பனி இல்லை, ஆபத்தான வேலை எண்டு தெரிஞ்சுதானே கூடச் சம்பளத்துக்கு வந்தனீ, அதால கொம்பனி பொறுப்பில்லை. இந்தத் தீர்ப்பைப் பிடிச்சுக்கொண்டு மற்ற மாநிலங்களிலயும் கோர்ட்டுகள் பல பத்து வருஷம் கை போனவனையும் கால் போனவனையும் வெறுங்கையோட திருப்பி அனுப்பிச்சுதுகள்.

இப்ப மற்றதைச் சொல்லுங்கோ. 1854, ஈரி ரெயில்வே, சுப்பிரின்டென்டன்ட் டேனியல் மக்கலம். அவர் கொண்டுவந்த விதிகளில ஒண்டு, ஸ்டேஷன் பொயின்ட்டில எஞ்சின் தடம் புரண்டா ட்ரைவர்தான் பொறுப்பு எண்டது. பொயின்ட்டைப் போடுறது வேற ஆள், ஆனா வேலை போறது ட்ரைவருக்கு. ட்ரைவர்மார் ஸ்ட்ரைக் செய்திச்சினம். ரெண்டையும் பக்கத்தில பக்கத்தில வையுங்கோ. ட்ரைவருக்குக் கை போனா பொயின்ட்காரர்ர பிழை, அதால கொம்பனி குடுக்காது. கொம்பனியின்ர எஞ்சின் உடைஞ்சா ட்ரைவர்ர பிழை. என்ர மனசில இந்த முழு விஷயத்துக்கும் முதுகெலும்பு இந்த இடம்தான், இதுக்கு இருபது நிமிஷம் போனாலும் பரவாயில்லை, மற்றதைக் குறையுங்கோ.

விதி எண்டு சொன்னபடியா ஒண்டு சொல்லிட்டுப் போறன். பழைய ரெயில்வே கொம்பனிகளின்ர விதிப் புத்தகங்கள் இன்டர்நெட் ஆர்கைவ், ஹாத்திட்ரஸ்ட் மாதிரி இடங்களில இலவசமா வாசிக்கலாம். பழைய பத்திரிகைகள் எண்டா லைப்ரரி ஒஃப் காங்கிரஸ்ட க்ரோனிக்லிங் அமெரிக்காவில தேடலாம். விதிப் புத்தகத்தை முதலாளி எழுதினதுதானே எண்டு தள்ளி வைக்காதேங்கோ, மாத்தி வாசியுங்கோ. குடிக்கக் கூடாது எண்டு திருப்பித் திருப்பி எழுதியிருந்தா ஆக்கள் குடிச்சிருக்கினம், ஏன் குடிச்சினம் எண்டு கேளுங்கோ, குளிரில ஓடுற ரெயில் பெட்டிக்கு மேல இரவு முழுக்க நிண்டா என்ன செய்வினம். வேலையில நித்திரை கொள்ளக் கூடாது எண்டு இருந்தா எத்தினை மணித்தியாலம் தொடர்ந்து வேலை வாங்கியிருக்கிறாங்கள் எண்டு பாருங்கோ. ஒரு பக்கத்தை மட்டும் தமிழில எழுதி ஃபோட்டோகொப்பி அடிச்சு, ரெண்டு மூண்டு பேரா இருத்தி, ஒவ்வொரு தடைக்கும் பின்னால என்ன நடந்திருக்கும் எண்டு எழுதச் சொல்லுங்கோ. பிள்ளைகளுக்கு இது நல்லாப் பிடிக்கும், பெரிய ஆக்கள் தங்கட வேலையிடத்து நோட்டீஸ் போர்டையும் இதே மாதிரி வாசிக்கத் தொடங்குவினம்.

வேலை எப்பிடி இருந்தது எண்டு காட்டுறதுக்கு பிரேக்மன் எண்ட ஆளை எடுங்கோ. அந்தக் காலத்தில சரக்கு ரெயிலில எஞ்சினில இருந்து எல்லாப் பெட்டிக்கும் பிரேக் பிடிக்கேலாது. பிரேக்மன்மார் ஓடுற பெட்டிக்கு மேல ஏறி, ஒரு பெட்டியில இருந்து மற்றப் பெட்டிக்குத் தாண்டித் தாண்டி, பிரேக் சில்லைக் கையால சுத்தி ஒவ்வொண்டாப் பிடிக்க வேணும், மழை, பனி, இருட்டு எல்லாத்திலயும். பெட்டி கொழுவுறது அதை விட மோசம். ரெண்டு பெட்டிக்கு நடுவில நிண்டு, வாற பெட்டியின்ர இரும்பு வளையத்தைக் கையால பிடிச்சு இந்தப் பக்கத்து ஓட்டைக்குள்ள விட்டு, மேலால ஆணியைப் போட வேணும், ஒரு கணம் பிந்தினா விரல் இல்லை. வள்ளக்காரர் ஆரிட்டயாவது ஒரு பெரிய ஷக்கிளும் பின்னும் வாங்கிக்கொண்டு வந்து ஆக்கள்ற கையில குடுத்துப் பாருங்கோ, அசையாமல் நிக்கிற இடத்திலயே கண்ணை மூடிக்கொண்டு ஆணியைப் போடுறது கஷ்டம். வெஸ்டிங்ஹவுஸ் காற்று பிரேக் 1869இல வந்திட்டுது, ஜானியின்ர தானாக் கொழுவுற கப்ளர் 1873இல வந்திட்டுது. ஆனா எல்லாச் சரக்குப் பெட்டிக்கும் பூட்டச் செலவு எண்டு கொம்பனிகள் இழுத்துக்கொண்டே இருந்ததுகள், கட்டாயமாக்குற சட்டம் 1893இலதான் வந்தது. 1888 ஜூனோட முடிஞ்ச ஒரு வருஷத்தில மட்டும் 2,000க்கு மேல ரெயில்வே தொழிலாளர் வேலையில செத்து 20,000க்கு மேல காயப்பட்டவை எண்டு ஜனாதிபதி ஹரிசனே காங்கிரசுக்குச் சொன்னவர். இந்தத் தொகையை மட்டையில எழுதிப் போடுங்கோ, கருவி வந்த வருஷத்துக்கும் சட்டம் வந்த வருஷத்துக்கும் இடையில எத்தினை வருஷம் எண்டு சபையே கழிச்சுப் பாக்கட்டும். சங்கங்கள் எப்பிடித் தொடங்கினது எண்டதும் இந்த இடத்தில விளங்கும், 1863இல எஞ்சின் ட்ரைவர்மார், 1873இல எஞ்சினுக்கு நெருப்புப் போடுற ஃபயர்மன்மார் சேர்ந்து தொடங்கின சங்கங்கள் காப்புறுதிக் காசைப் பெரிய விஷயமா வைச்சதுகள், கொம்பனி குடுக்காததை தங்களுக்குள்ள சேர்த்துக் குடுக்க வேண்டி இருந்தது.

ஆனா அந்தச் சங்கங்களின்ர கதையைச் சொல்லேக்க இன்னொண்டையும் மறைக்கக் கூடாது. அந்தச் சங்கங்கள் கறுப்பினத்தவரைச் சேர்க்கேல்ல, வெள்ளையர் மட்டும் எண்டு யாப்பிலயே எழுதி வைச்சிருந்ததுகள். அமெரிக்க உள்நாட்டு யுத்தத்துக்கு முந்தி தெற்கு மாநிலங்களில பாதை வெட்டினதும், மரம் தறிச்சதும், எஞ்சினுக்கு நெருப்புப் போட்டதும் கனக்க அடிமைகள், கொம்பனிகள் அவையைச் சொந்தக்காரரிட்ட வருஷ வாடகைக்கு எடுத்ததுகள், சிலது விலைக்கும் வாங்கினதுகள். 1831 ஜூனில சவுத் கரோலைனாவில பெஸ்ட் ஃப்ரெண்ட் ஒஃப் சார்ல்ஸ்டன் எண்ட எஞ்சின்ர பொய்லர் வெடிச்சது, ஆவி போற சத்தம் கரைச்சல் எண்டு ஃபயர்மன் வால்வை அமத்திப் பிடிச்சதுதான் காரணம் எண்டு சொல்லுவினம். எஞ்சின்ர பேர் எல்லாப் புத்தகத்திலயும் இருக்கு, செத்த அந்தக் கறுப்பின ஃபயர்மன்ர பேர் இல்லை. பிழை மட்டும் அவற்ற கணக்கில இருக்கு.

1867க்கு வாங்கோ. சென்ட்ரல் பசிபிக் பாதையை சியேரா நெவாடா மலைக்குள்ளால வெட்டினவை சீனத் தொழிலாளர். மாசம் 31 டொலரா இருந்ததை 35 ஆக்கினவங்கள், சாப்பாடு அவையின்ர சொந்தக் காசில, வெள்ளைக்காரருக்கு மட்டும் கொம்பனிச் சாப்பாடு. ஜூன் கடைசியில 3,000 பேரளவில கருவியைக் கீழ வைச்சுட்டு 40 டொலர் வேணும், வெளியில 10 மணித்தியாலம், சுரங்கத்துக்குள்ள 8 மணித்தியாலம் எண்டு கேட்டிச்சினம். ஒரு கல்லும் எறியேல்ல. கொம்பனியின்ர சார்ல்ஸ் க்ரொக்கர் சாப்பாட்டுச் சாமான் மேல போறதை நிப்பாட்டினார், மலைக்கு மேல வேற வழி இல்லை, ஒரு கிழமையளவில முடிஞ்சுது. சம்பளப் பட்டியலில கனபேருக்குப் பேரும் இல்லை, குழுத் தலைவன்ர பேரும் ஆக்கள் எத்தினை எண்டதும்தான். மலையகத்தில இருந்து வந்த குடும்பத்து ஆக்கள் சபையில இருந்தா கங்காணி, செக்ரோல் (தோட்டத்து வேலைப் பேர்ப் பட்டியல்) எண்டு அவையே எடுத்துக் குடுப்பினம். அந்தத் தொடர்பை மேடையில இருந்து நீங்கள் சொல்லுறதை விட அவை சொல்லுறது பெறுமதி.

1877ஐ சுருக்கமாச் சொன்னாப் போதும். ஜூலை 16, பால்டிமோர் அண்ட் ஓகாயோ சம்பளத்தில 10 வீதம் வெட்டினது, மார்டின்ஸ்பர்க்கில ஃபயர்மனும் பிரேக்மனும் ரெயிலை விடேல்ல. பிட்ஸ்பர்க்கில பென்சில்வேனியா ரெயில்வே ரெண்டு எஞ்சின் பூட்டி ரெண்டு மடங்கு பெட்டியை ஒரே குழுவைக் கொண்டு ஓட்டப் பாத்தது, பாதிப்பேருக்கு வேலை போகும். படை சுட்டது, ஆக்கள் செத்தவை, ஊர் எரிஞ்சுது, ஜனாதிபதி ஹேய்ஸ் மத்திய படையை அனுப்பினார். எரிஞ்ச எஞ்சின் கணக்கில இழுபடாமல் சம்பள வெட்டுக்கும் ஆள் குறைப்புக்கும் நேரத்தைக் குடுங்கோ.

கடைசிப் பகுதிக்கு ரெயில்வேயில வேலை செய்து பென்ஷன் எடுத்த ஒரு ஐயாவைக் கூப்பிடுங்கோ. கல்ஓயாச் சந்தியில இருந்து கந்தளாய், தம்பலகாமம், சீனன்குடா வழியா இங்க வாற பாதையில வேலை செய்த ஆக்கள் இன்னும் ஊருக்குள்ள இருக்கினம், சிங்கள, முஸ்லிம் ஆக்களும் இருக்கினம், அவையையும் கூப்பிடுங்கோ, பக்கத்தில மொழிபெயர்க்க ஒராளை இருத்துங்கோ. பேச்சு வைக்கச் சொல்லாதேங்கோ, கேள்வி கேளுங்கோ. முதல் சம்பளம் எவ்வளவு ஐயா, எந்தத் திகதியில கையில வந்தது, இரவு ட்யூட்டி முடிஞ்சு எங்க படுத்தனீங்கள், காயம் பட்டா முதல்ல ஆரிட்டச் சொல்லுவீங்கள், காட்டுக்குள்ள தண்டவாளத்தில யானை நிண்டா என்ன செய்வீங்கள். 1980 ஜூலை ஸ்ட்ரைக்கில நாடு முழுக்க 40,000 பேரளவில அரச ஊழியருக்கு வேலை போனது, அது ரத்மலானை ரெயில்வே வேர்க்‌ஷொப்பில தொடங்கினது. அதைக் கேக்க முதல் தனிய ஒருக்கா விசாரியுங்கோ, சில வீட்டில அது இன்னும் ஆறாத புண், சபைக்கு முன்னால திடீரெண்டு கேட்டு மனிசனை அழ வைக்கக் கூடாது. ரெக்கோர்ட் பண்ணுறதெண்டாலும் முதல்ல கேளுங்கோ, ஃபேஸ்புக்கில போடுறதுக்கு வேறயாக் கேளுங்கோ.

பின்னேரம் 5.30க்கு வைச்சா பகல் ஷிஃப்ட் ஆக்கள் வருவினம், இரவு ஷிஃப்ட் ஆக்களுக்கு வரேலாது. அவைக்கு அதே மட்டை, அதே ஃபோட்டோகொப்பியோட ஞாயிறு காலமை ஒருக்காத் திருப்பி வையுங்கோ, முதல் நாள் சபை சொன்ன பதில்களையும் மட்டையில எழுதி வைச்சிருந்து காட்டுங்கோ, அங்க இருந்து அவை தொடரட்டும்.