மொய் நோட்டும் ஐந்து பாட்டும்

எனக்குப் பேராவூரணிப் பக்கம். ஆடி, ஆவணி வந்தால் ஊரெல்லாம் மொய் விருந்துப் பந்தல்தான்; ஊரைக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டு மொய்ப் பணம் திரட்டுவார்கள். அப்பாவின் மொய் நோட்டில் யார், எந்த ஊர், எவ்வளவு, எந்த வருஷம் என்று நாலு கட்டம் இருக்கும். குறுந்தொகைப் பாடல்கள் ஐந்துக்கு மெட்டுப் போட்டு, ஆல்பமாக்க நான் இணையத்தில் பலரிடம் சிறுகச் சிறுகப் பணம் திரட்டக் (கிரவுட்ஃபண்டிங்) கிளம்பினேன். முதல் தடவை அந்த நோட்டு ஞாபகமே வரவில்லை. மண்ணைக் கவ்வினேன்.

இன்ஸ்டாகிராமில் 6,000 பேர் இருக்கிறார்கள், நூற்றுக்கு ஐந்து பேர் ஆளுக்கு 1,000 ரூபாய் போட்டாலே 3 லட்சம் என்பது அப்போது என் கணக்கு. முப்பது நாளில் பணம் போட்டவர்கள் 19 பேர். அதிலும் 14 பேர் நேரில் பழக்கம். இலக்கைத் தொடாவிட்டால் எல்லாருக்கும் பணம் திரும்பிவிடும் வகைத் திட்டம் அது. திரும்பிவிட்டது.

ஆகவே, இணையப் பக்கம் திறக்கும் முன் ஒரு நோட்டு வாங்குங்கள். பள்ளித் தோழிகள், பாட்டு டீச்சர், கல்லூரிக் கலைவிழாவில் தட்டிக்கொடுத்தவர், கச்சேரி முடிந்து நம்பர் வாங்கிப் போனவர் என்று பெயர் பெயராக எழுதுங்கள். எனக்கு 212 பெயர் தேறியது. கேட்டால் கட்டாயம் தருவார் என்றால் பச்சை, ஒருவேளை தரலாம் என்றால் நீலம், கேட்கவே கூச்சம் என்றால் சிவப்பு. (சிவப்பில் இருந்தவர்கள்தான் பின்னால் பெரிய தொகை போட்டார்கள். கூச்சம் நமக்குத்தான் போல.) பச்சையில் இருந்த 40 பேருக்கும் பத்து நாள் முன்பே போன் செய்து, "முதல் நாளே போட்டுவிடுங்கள்" என்று கேட்டுக்கொண்டேன். மொய் விருந்திலும் அப்படித்தானே, முதல் பந்தியில் சொந்தக்காரர்கள் உட்கார்ந்தால்தான் அடுத்தவர் பந்தலுக்குள் வருவார். இரண்டாவது முயற்சியில் முதல் நாள் மாலைக்குள் இலக்கில் மூன்றில் ஒரு பங்கு வந்துவிட்டது.

இதற்குப் பணம் திரட்டித் தரும் இணையத் தளம்கூட அவசியமில்லை என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1997இல் மாரிலியன் என்ற பிரிட்டிஷ் ராக் குழு, அமெரிக்கச் சுற்றுப்பயணத்துக்குக் கையில் காசில்லை என்றது. ரசிகர்களே இணையம் வழியாகப் பேசிவைத்து 60,000 டாலர் சேர்த்துக் கொடுத்தார்கள். இப்படிப் பணம் திரட்டும் தளமான கிக்ஸ்டார்ட்டர் வந்தது 2009இல்தான்.

அடுத்தது தொகை. "ஒரு ரெண்டு லட்சம் இருக்கட்டும்" என்று தோராயமாகப் போடாதீர்கள். என் கணக்கு இது: ஸ்டுடியோ 40 மணி நேரம், மணிக்கு 900 வீதம் 36,000. புல்லாங்குழல், பறை, கிதார் வாசித்தவர்களுக்கு 45,000. மிக்ஸிங் (குரலையும் வாத்தியங்களையும் அளவாகச் சேர்ப்பது) பாட்டுக்கு 9,000 வீதம் 45,000. மாஸ்டரிங் (கடைசி ஒலிச் சீரமைப்பு) 15,000. அட்டைப்படமும் ஒரு வீடியோவும் 17,000. சாப்பாடு, வண்டி 10,000. ஆக 1,68,000. பணம் போட்டவர்களுக்கு அனுப்பும் பொருள்களுக்கும் கூரியருக்கும் 32,000 சேர்த்தால் 2 லட்சம். முதல் தடவை இந்தக் கூரியர் செலவை நான் எழுதவே இல்லை. தளக் கட்டணமும் பணப் பரிமாற்றக் கட்டணமும் சேர்ந்து 8 சதவீதம், அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 9.44 சதவீதம் எனக்குப் பிடித்தம். 2 லட்சம் கைக்கு வர வேண்டுமென்றால் அதை 0.9056ஆல் வகுக்க வேண்டும். அப்படித்தான் 2,21,000 என்று இலக்கு வைத்தேன்.

கிக்ஸ்டார்ட்டரில் இந்தியாவில் இருந்துகொண்டு நாமே திட்டம் தொடங்க முடியாது. சிங்கப்பூர் அத்தை மகன் பெயரில் தொடங்கலாம் என்று யோசனை வரும், எனக்கும் வந்தது. பணம் அவர் கணக்கில் விழும், வரிக் கேள்வியும் அவருக்குத்தான் வரும். வேண்டாமென்று விட்டேன். எந்தத் தளமானாலும் பணம் எத்தனை நாளில் கைக்கு வரும், அதுவரை யாரிடம் இருக்கும் என்று பாருங்கள். இசைக்கலைஞர்களுக்கான இதே மாதிரித் தளமான பிளெட்ஜ்மியூசிக் 2019இல் நொடித்தபோது, ரசிகர்கள் போட்ட பணம் பல கலைஞர்களுக்கு வந்து சேரவே இல்லை.

நம் ஊரில் உறவினர் அல்லாதவர்கள் தரும் அன்பளிப்பு ஒரு நிதியாண்டில் மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால் முழுத் தொகையும் வரிக் கணக்கில் வரும். பதிலுக்குப் பொருள் கொடுத்தால் அது விற்பனை வருமானம் ஆகிவிடும். எப்படிக் காட்டுவது என்பதைத் தொடங்கும் முன்பே ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள். வெளிநாட்டுப் பணம் வருமென்றால் அதையும் சேர்த்துக் கேளுங்கள். பாட்டின் உரிமையும் அப்படியே. குறுந்தொகை யாருக்கும் சொந்தமில்லை. சினிமாப் பாட்டை மறுபடி பாடுவதென்றால் உரிமை வைத்திருப்பவரிடம் அனுமதி வாங்காமல் பணம் கேட்கவே கூடாது.

பதிலுக்கு என்ன தருவது? டி-ஷர்ட் வேண்டாம். அளவு கேட்டே பொழுது போய்விடும். சிடி போட்டுக் கேட்க இன்று பாதி வீட்டில் வழியில்லை. நான் 500 ரூபாய்க்குப் பெயர் வாசிப்பு என்று வைத்தேன். மொய்ப் பந்தலில் மைக்கில் வாசிப்பார்களே, அதே ராகத்தில் "பட்டுக்கோட்டை, இன்னார்" என்று கடைசிப் பாட்டுக்குப் பின்னால் எல்லாப் பெயரையும் வாசித்திருக்கிறேன். ஆல்பத்திலேயே அதிகம் பேர் திரும்பத் திரும்பக் கேட்டது அந்த ஆறு நிமிஷம்தான் என்பது சங்கீதக்காரிக்குக் கொஞ்சம் வலிக்கிறது. 1,500க்குக் கையால் எழுதிய பாட்டுத்தாளும் பென்டிரைவும். 15,000க்கு வீட்டுக் கச்சேரி, நாலு பேர் எடுத்தார்கள். அந்த 60,000 இல்லையென்றால் இலக்கு எட்டியிருக்காது.

வீடியோவுக்கு போன் போதும், ஒன்றரை நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். வணக்கம் சொல்லி ஆரம்பிக்காமல் எடுத்த எடுப்பில் பாடுங்கள். தொடங்கும் தேதி மாதத்தின் 2 அல்லது 3, சம்பளம் வந்த சூட்டில். பள்ளிக் கட்டணம் கட்டும் ஜூனும் தீபாவளி மாதமும் கூடாது.

வாட்ஸ்அப் குழுவில் போட்டால் கைகூப்பும் படம் வரும், பணம் வராது. ஒவ்வொருவருக்கும் தனியாக எழுதுங்கள். நான் அனுப்பியது: "அக்கா, ஆறாம் வகுப்பில் எனக்குப் போட்டிக்குச் சேலை கட்டிவிட்டது நீங்கள்தான். இப்போது ஆல்பம் செய்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் 500 ரூபாய் போட முடியுமா?" தொகையும் கெடுவும் இல்லாவிட்டால் "கண்டிப்பா பண்றேன்மா" என்பதோடு நின்றுவிடும்.

பத்தாம் நாளிலிருந்து இருபதாம் நாள்வரை ஈ ஓட்ட வேண்டியிருக்கும். அந்த நாட்களுக்கென்று பறை ஒத்திகை, வராத சுருதி, ஸ்டுடியோ டீ எல்லாவற்றையும் சிறு வீடியோக்களாக முன்பே எடுத்து வைத்திருந்தேன். கடைசி மூன்று நாள் நீல நிறப் பெயர்களுக்கு இன்னொரு முறை போன். முடிவில் 173 பேர், 2,36,000 ரூபாய்.

சொன்ன தேதிக்கு ஏழு வாரம் கழித்துத்தான் ஆல்பம் வந்தது. முதல் வாரமே "தாமதமாகும், புல்லாங்குழல்காரருக்குக் காய்ச்சல்" என்று எழுதிவிட்டதால் ஒருவரும் கோபிக்கவில்லை. பென்டிரைவ் மட்டும் பத்துப் பதினைந்து கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள். வீடு மாறியவர்கள், பின்கோடு தப்பாகக் கொடுத்தவர்கள் என்று எனக்கு 11 பார்சல் திரும்பி வந்தன. அதில் இரண்டு உள்ளே உடைந்திருந்தன.