செயின்சா செயினை எப்போது மாற்ற வேண்டும்?

செயின்சா சரியாக அறுக்கவில்லை என்றதும் பலர் புதுச் செயின் வாங்கிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது மழுங்கித்தான் இருக்கும். அரம் போட்டாலே போதும். உண்மையிலேயே தேய்ந்துவிட்டதா என்று இப்படிப் பாருங்கள்.

முதலில் எஞ்சினை நிறுத்தி, ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றுங்கள். பேட்டரியில் ஓடுவது என்றால் பேட்டரியை எடுத்துவிடுங்கள். கையுறை கட்டாயம், மழுங்கிய பல்லும் விரலைக் கிழிக்கும்.

1. அறுக்கும்போது கூரான செயின் சீவலாகத் தள்ளும். மாவு மாதிரி தூள் கொட்டினாலோ, அழுத்தினால்தான் மரத்தில் இறங்குகிறது என்றாலோ அரம் போடுங்கள். மாற்ற வேண்டாம்.

2. பல்லின் நீளத்தைப் பாருங்கள். பல செயின்களில் பல்லின் மேல்தகட்டில், பின்பக்கமாகச் சாய்ந்த கோடு ஒன்று இருக்கும். வெட்டுமுனை அந்தக் கோட்டை எட்டிவிட்டால் செயினின் ஆயுள் முடிந்தது. கோடு இல்லாவிட்டால் மேல்தகட்டை அளந்து பாருங்கள். பொதுவான எல்லை 4 மி.மீ. இருப்பதிலேயே குட்டையான பல்லைத்தான் அளக்க வேண்டும்.

3. செயினைக் கையால் மெதுவாக நகர்த்தி, ஒரு சுற்று முழுக்கப் பாருங்கள். அவசரப்பட வேண்டாம், எல்லாவற்றிலும் முக்கியமான சோதனை இதுதான். இணைப்புத் தகடுகளில் விரிசல், உடைந்த பல், ஆடும் ரிவெட், வளைந்த டிரைவ் லிங்க் (செயினின் அடியில், பள்ளத்துக்குள் ஓடும் பல்) இருந்தால், பல் எவ்வளவு மிச்சமிருந்தாலும் மாற்றிவிடுங்கள். நொடிக்கு ஏறத்தாழ 20 மீட்டர் வேகத்தில் ஓடும் செயின் அறுந்தால், துண்டு தெறித்து ஆளையே காயப்படுத்தும்.

4. டென்ஷன் ஸ்க்ரூவைக் கடைசிவரை திருகியும் செயின் தொங்குகிறதா? அதுவும் மாற்ற வேண்டியதுதான்.

கடையில் மூன்று விஷயம் சொல்ல வேண்டும்: பிட்ச் (அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுகளுக்கு இடையிலான தூரத்தில் பாதி), கேஜ் (டிரைவ் லிங்க்கின் தடிமன்), டிரைவ் லிங்க் எண்ணிக்கை. பெரும்பாலும் பாரின் (செயின் சுற்றி ஓடும் நீளமான தகடு) மேலேயே பொறித்திருக்கும். பாரின் நீளத்தை மட்டும் சொல்லி வாங்கினால் பொருந்தாமல் போகலாம். அப்படியே செயினைச் சுழற்றும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டையும் பாருங்கள். அதில் 0.5 மி.மீ. ஆழத்துக்குத் தேய்மானம் விழுந்திருந்தால் அதையும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் புதுச் செயினையும் அது சீக்கிரம் தின்றுவிடும்.

மாட்டும்போது, பாரின் மேல்பக்கப் பற்கள் முனையை நோக்கி இருக்க வேண்டும். புதுச் செயின் முதலில் கொஞ்சம் நீளும். சில வெட்டுகளுக்குப் பிறகு டென்ஷனைச் சரிபாருங்கள். சூடாக இருக்கும்போது இறுக்கியிருந்தால், வேலை முடிந்ததும் தளர்த்திவிடுங்கள். ஆறும்போது செயின் சுருங்கும், அந்த இறுக்கம் எஞ்சின் பேரிங்கைக் கெடுக்கும்.