ஸ்டாப்வாட்ச் எதற்கு இவ்வளவு சீக்கிரம்?

போன வாரம், லேப்ராஸ்கோப்பி (சிறு துளை வழி அறுவை) தையல் பழகும் ஸ்கில்ஸ் லேபில் முதலாண்டு பிஜி (முதுநிலை மாணவர்) ஒருவர், "சார், 95 செகண்ட்!" என்று கத்தினார். போய்ப் பார்த்தேன். பாக்ஸ் டிரெய்னர் என்ற பயிற்சிப் பெட்டிக்குள் முடிச்சு அழகாகத்தான் தெரிந்தது. நுனியைப் பிடித்து லேசாக இழுத்தேன், வழுக்கிக்கொண்டு வந்தது. தைத்துப் பழகும் ரப்பர் குழாயான பென்ரோஸ் டிரெய்னின் கீறல் வாயைத் திறந்தபடியே கிடந்தது. ஊசி நுழைந்த இடமோ, நுழைய வேண்டிய கறுப்புப் புள்ளியிலிருந்து 3 மில்லிமீட்டர் தள்ளி.

மேசை உயரம், கேமரா கோணமெல்லாம் யாராவது சொல்லித் தருவார்கள். எனக்கு எரிச்சலூட்டுவது வேறு.

முடிச்சு நிற்கும் முன்பே நேரம் பார்ப்பது

லேப்ராஸ்கோப்பி அடிப்படைகளைச் சோதிக்கும் எஃப்எல்எஸ் தேர்வில் உள்ளேயே போடும் இந்த முடிச்சுக்கு 600 விநாடி உண்டு. புள்ளி தவறினால், கீறல் மூடாவிட்டால், முடிச்சு வழுக்கினால் மதிப்பெண் குறையும். டிரெய்ன் பிய்ந்து வந்தால் பூஜ்யம். ஆனால் நம் பிள்ளைகள் பேசுவதெல்லாம் விநாடிக் கணக்குதான்.

நூலின் முதல் சுற்று இரட்டை, அப்புறம் இரண்டு ஒற்றை. ஒவ்வொன்றுக்கும் கை மாற வேண்டும். அந்த மூன்று நான்கு விநாடியை மிச்சம் பிடிக்க அதே கையால் சுற்றுகிறார்கள். நுனிகளைக் கீறலின் இரு பக்கமும் கிடையாக இழுக்காமல், வெடுக்கென்று மேலே தூக்குகிறார்கள். ரப்பர் பொறுத்துக்கொள்ளும்.

நானும் அப்படிப் பழகியவன்தான். டியோடினத்தில் (சிறுகுடலின் தொடக்கம்) அல்சர் ஓட்டை, லேப்ராஸ்கோப்பியில் மூடுகிறோம். ஓரமெல்லாம் வீங்கி, நனைந்த அப்பளம் மாதிரி இருந்தது. இரண்டாவது தையலில் பழக்க தோஷம், மேலே தூக்கிவிட்டேன். நூல் சதையை அறுத்துக்கொண்டு வெளியே வந்தது, ஓட்டை பெரிதானது. சீஃப் ஒன்றும் பேசாமல் கையை நீட்டி நீடில் ஹோல்டரை வாங்கிக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை.

அந்தக் கையை மாற்ற எனக்கு ஆறு மாதம் ஆயிற்று. புதிதாகக் கற்பதைவிடக் கற்றதை மறப்பது பெரும்பாடு. அதனால் முதல் முப்பது முடிச்சுக்குக் கடிகாரம் வேண்டாம். ஒவ்வொன்றையும் இழுத்துப் பாருங்கள். தொடர்ந்து பத்து நின்றால், தேர்ச்சி இலக்கான 112 விநாடியைப் பற்றிப் பேசலாம்.

நீள நூல்

15 செ.மீ. போதும். மிச்சம் உள்ளே சுருண்டு உயிரை வாங்கும்.

இடது கை

சும்மா நிற்கக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை தவம்

ஒரே நாளில் நாலு மணி நேரம் உட்கார்ந்தால் தோள்வலிதான் மிஞ்சும். வாரத்தில் மூன்று நாள், அரை மணி.

டிரெய்ன் தீர்ந்துபோனால் பழைய கையுறையின் விரலை வெட்டி ஒட்டிக்கொள்ளுங்கள். மெல்லியது, மேலே தூக்கினால் கிழிந்துவிடும். 95 செகண்ட் தம்பி இப்போது அதில்தான் போட்டுக்கொண்டிருக்கிறார். நேற்று மாலை வரை ஏழு விரல் கிழிந்திருக்கிறது.