டிரைவர் அண்ணனுக்குத் தெரியாத சிவப்பு

கோத்தகிரியில் எங்கள் ஹோம்ஸ்டே புக்கிங்கை எல்லாம் கூகுள் காலண்டரில்தான் குறிப்போம். முன்பணம் வந்தால் அதில் 'பேசில்' என்ற பச்சை நிறம், வராவிட்டால் 'டொமேட்டோ' என்ற சிவப்பு. டிரைவர் அண்ணனும் அதே காலண்டரைப் பார்த்துத்தான் வண்டி எடுப்பார்.

போன டிசம்பரில் ஒரு நாள் விடியற்காலைப் பனியில் மேட்டுப்பாளையம் இறங்கி, நீலகிரி எக்ஸ்பிரஸில் வராத விருந்தினருக்காக இரண்டு மணி நேரம் காத்திருந்தார். அது உறுதியாகாத புக்கிங். "எனக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியுதுங்க தம்பி" என்றார். மூன்று வருடமாகக் கூட வேலை செய்கிறார், நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. மனசு கஷ்டமாகிவிட்டது.

சிவப்பு-பச்சை நிறக்குறைபாடு பெரும்பாலும் பிறவியிலேயே வருவது. அதற்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் ஆண்களிடம்தான் அதிகம்.

முதலில் நிறத்தை மாற்றினேன்: உறுதியானதற்கு ப்ளூபெர்ரி என்ற கரும் நீலம், மற்றதற்கு பனானா மஞ்சள். அப்புறம் போனை கறுப்பு வெள்ளைக்கு மாற்றிப் பார்த்தேன். ஒன்று அடர்த்தி, மற்றது வெளிர், தனித்தனியாகத் தெரிந்தது. ஆனால் நிறத்தை மட்டும் நம்பக்கூடாது. இணைய அணுகல்தன்மை விதிகளான டபிள்யூசிஏஜியும் இதையே சொல்கிறது. அதனால் தலைப்பிலேயே 'உறுதி', 'பாக்கி' என்று எழுதுகிறோம். அந்தச் சொல் முதலில் வரவேண்டும். மாதப் பார்வையில் போன் திரை தலைப்பின் வாலை வெட்டிவிடும். 'அறை 2 – உறுதி' என்று எழுதிய முதல் வாரம் 'அறை 2' மட்டும்தான் தெரிந்தது.

இப்போது அண்ணன் கிளம்பும் முன் எனக்கு போன் போட்டுக் கேட்பதில்லை.