வயிற்றுவலி, உப்புசம்: கேஸ் மாத்திரைக்கு முன் பார்க்க வேண்டியவை

வயிறு உப்பினால் "வாயுதான்" என்று ஒரு சோடா குடித்துவிடுவது நம் ராமேஸ்வரம் பக்கம் வழக்கம். அதன்பின் வரும் ஏப்பத்தில் பெரும்பங்கு சோடாவின் வாயுவே. வலி எங்கே, சாப்பிட்டு எவ்வளவு நேரத்தில், கூடவே என்ன என்ற மூன்றையும் முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

மேல்வயிற்று நடுவில் எரிச்சல் என்றால் இரைப்பைப் புண்ணாக இருக்கலாம். எச். பைலோரி கிருமி ஒரு காரணம். வலி மாத்திரை இன்னொன்று. கடலுக்குப் போகிறவர்கள் இடுப்புவலிக்கு வெறும் வயிற்றில் டைக்ளோஃபினாக் போட்டு, மேலே கடுங்காப்பி குடிப்பது புண்ணை வரவழைக்கும். பிரியாணிக்குப் பின் வலது விலாவின் கீழ் பிடித்தால் பித்தப்பைக் கல்லைச் சந்தேகியுங்கள். விலாவிலிருந்து அடிவயிற்றுக்கு இறங்கும் வலி சிறுநீரகக் கல்லாக இருக்கலாம். வெயிலில் வேலை, குறைந்த தண்ணீர் இரண்டும் அதற்குத் தோது.

மீன் விஷயம் தனி. சூரை, கானாங்கெளுத்தி ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் சேரும். குழம்பு எவ்வளவு கொதித்தாலும் அழியாது. சில நிமிடங்களிலோ ஓரிரு மணி நேரத்திலோ முகம் சிவந்து, தலை வலித்து, வயிறு பிசையும். வாயில் வைத்ததும் மிளகு போலச் சுருக்கென்றால் அதோடு நிறுத்துங்கள்.

தினமும் மாலையில் உப்பினால் பால், டீயை 2 வாரம் நிறுத்தி, பிறகு ஒரு டம்ளர் பால் குடித்துப் பாருங்கள்; மறுபடி உப்பினால் பால் காரணமாக இருக்கலாம். கொண்டைக்கடலையை 8 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவையுங்கள். மலச்சிக்கலை யாரும் சொல்வதில்லை; தினமும் போனாலும் முக்கிப் போனால் அதுவும் மலச்சிக்கல்தான். 50 வயதைத் தாண்டிய பெண்ணுக்குப் புதிதாக வந்த உப்புசம் சில வாரமாகியும் விடவில்லையென்றால் ஸ்கேன் எடுக்க வேண்டும்.

வயிற்றுப்போக்குக்கு 1 லிட்டர் ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைக் கரைசல்) பாக்கெட்டை சரியாக 1 லிட்டர் நல்ல தண்ணீரில் கரையுங்கள். உப்புக் கிணற்றுத் தண்ணீர் கூடாது, உப்பு அளவு மிஞ்சிவிடும். 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

தொப்புளில் தொடங்கி வலது அடிவயிற்றுக்கு நகரும் வலி அப்பென்டிக்ஸாக, அதாவது குடல்வால் அழற்சியாக இருக்கலாம். விளக்கெண்ணெய் கொடுக்காதீர்கள், குடல்வால் வெடிக்கக்கூடும். மாதவிடாய் தள்ளிப்போய் அடிவயிறு வலித்தாலும், கறுப்பு மலம், ரத்த வாந்தி, கல்லாக இறுகிய வயிறு இருந்தாலும், வாந்தியோடு மலமும் வாயுவும் அடைத்துக்கொண்டாலும் உடனே 108. நெஞ்சுக்குக் கீழ் பாரம், வியர்வை என்றால் இ.சி.ஜி. எடுத்தாக வேண்டும், மாரடைப்பும் இப்படி வரும். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 50 கி.மீ.க்கு மேல், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.