பூடானுக்கு முதல் பயணமா? தரைவழியே போங்கள், விமானத்தில் திரும்புங்கள்

இந்தியாவிலிருந்து பூடானுக்கு விமானத்தில் போனால் இறங்குமிடம் பாரோ. சாலை வழியில் நம்மவர்கள் அதிகம் நுழைவது மேற்கு வங்க எல்லையை ஒட்டிய புன்ட்ஷோலிங். முதல் தடவை போகிறவர்களுக்கு நான் சொல்வது, சாலையில் ஏறிப் போய் விமானத்தில் திரும்புங்கள்.

1. ஆவணம்

குறைந்தது 6 மாதம் செல்லுபடியாகும் பாஸ்போர்ட், இல்லையென்றால் வாக்காளர் அடையாள அட்டை. ஆதார் செல்லாது. இரண்டு நாள் பயணம் செய்து எல்லைக்குப் போய் ஆதாரை நீட்டினால் அப்படியே திரும்ப வேண்டியதுதான். கிளம்பும் முன்பே பையைத் திறந்து பார்த்துவிடுங்கள். பாஸ்போர்ட் இல்லாத பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும்.

2. பணம்

இந்தியர் ஒருவர் இரவுக்கு 1,200 ரூபாய் வளர்ச்சி நிதிக் கட்டணம் கட்ட வேண்டும். 6 முதல் 12 வயது வரை பாதி, அதற்குக் கீழே இலவசம். இரண்டு பேர் 5 இரவு தங்கினால் இதுவே 12,000 ஆகிவிடும். அறை, வண்டி, சாப்பாடு தனி. பூடானின் நுல்ட்ரமும் நம் ரூபாயும் ஒரே மதிப்பு.

3. எல்லை வரை

ரயிலென்றால் ஹாசிமாராவில் இறங்குங்கள். எல்லை ஊரான ஜெய்கான் அங்கிருந்து 20 கிலோமீட்டருக்குள்தான். விமானமென்றால் பாக்டோக்ரா; அப்புறம் டாக்சியில் சுமார் 4 மணி நேரம்.

4. எல்லையிலிருந்து திம்பு

புன்ட்ஷோலிங்கில் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு காலையிலேயே கிளம்புங்கள். பூடான் நேரம் நம்முடையதைவிட 30 நிமிடம் முன்னால் ஓடுகிறது, கடிகாரத்தை மாற்றிவிடுங்கள். தலைநகர் திம்புவுக்குச் சுமார் 150 கிலோமீட்டர்தான், ஆனால் வளைவுகளால் 5 மணி நேரம் பிடிக்கும். நான் சாலையை விரும்புவதே இதற்காகத்தான். சுமார் 300 மீட்டர் உயரத்திலிருந்து 2,300 மீட்டருக்கு மேல் மெல்ல ஏறுகிறோம். கீழே வியர்க்கும், வழியில் கெடு என்ற ஊர்ப் பக்கம் வந்தால் பெரும்பாலும் மூடுபனி, அதற்கப்பால் பைன் மரங்கள். உடம்பும் படிப்படியாகப் பழகிக்கொள்கிறது. வளைவில் வாந்தி வருபவர்கள் மாத்திரையை முன்கூட்டியே போட்டுக்கொள்ளுங்கள்.

5. பாரோவிலிருந்து திரும்புதல்

ஓடுதளம் ஒடுங்கிய பள்ளத்தாக்கில் இருக்கிறது, சுற்றிலும் உயர்ந்த மலைகள். தனிப் பயிற்சி பெற்ற விமானிகள் கண்ணால் பார்த்தே இயக்குவதால் பகலில் மட்டும்தான் விமானம். வானிலை கெட்டால் தாமதம் நிச்சயம். ஊருக்கான அடுத்த விமானத்தை அதே நாளில் போடாதீர்கள். டெல்லிக்கோ காத்மாண்டுவுக்கோ பறந்தால் வலப்பக்க ஜன்னலைக் கேட்டு வாங்குங்கள். வானம் தெளிவாக இருந்தால் கஞ்சன்ஜங்காவும் எவரெஸ்ட்டும் அந்தப் பக்கம்தான் தெரியும்.