இரண்டு வாடகை ரசீது போதும்: நேர்கோட்டின் சமன்பாடு காண்பது எப்படி?

மாங்காய் சீசனில் போச்சம்பள்ளிப் பக்கம் தோப்பு வைத்திருப்பவர்கள் காயை அனுப்பக் ‘குட்டி யானை’ என்கிற சின்னச் சரக்கு வண்டியைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு ட்ரிப் 12 கிலோமீட்டர், வாடகை 760 ரூபாய். இன்னொரு ட்ரிப் 27 கிலோமீட்டர், 1210 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எந்தக் கணக்கில் வாங்குகிறார் என்று வண்டிக்காரர் சொல்லவில்லை. அவர் எப்போதும் ஒரே கணக்கில்தான் வாங்குகிறார் என்றால், 40 கிலோமீட்டருக்கு எவ்வளவு கேட்பார்?

பத்தாம் வகுப்பு ஆயத்தொலை வடிவியலில் ‘இரு புள்ளிகள் வழிச் செல்லும் நேர்கோட்டின் சமன்பாடு’ என்று வருவது இந்தக் கேள்விதான். மாலையில் என்னிடம் படிக்க வரும் பிள்ளைகள் பலர் சூத்திரத்தைத் தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். சாய்வு என்றால் என்ன என்று கேட்டால் பதில் வராது. எனக்கு அதுதான் வருத்தம். அதனால் சூத்திரத்தை இங்கே பின்னால் தள்ளி வைத்திருக்கிறேன்.

முதலில் எல்லாருக்கும் தோன்றுவது 760ஐ 12ஆல் வகுப்பது. கிலோமீட்டருக்கு 63 ரூபாய்ச் சொச்சம் வரும். சரி, 1210ஐ 27ஆல் வகுத்தால்? 44 ரூபாய்ச் சொச்சம். இரண்டும் ஒத்துப்போகவில்லை. ஏனென்றால் வாடகைக்குள் தூரத்தோடு சம்பந்தமில்லாத ஒரு தொகையும் ஒளிந்திருக்கிறது. வண்டி தோப்புக்கு வந்து நின்றாலே கொடுக்க வேண்டிய தொகை அது. முழு வாடகையை வகுக்காமல், இரண்டு வாடகைக்கும் உள்ள வித்தியாசத்தை வகுத்தால் அந்தத் தொகை கழிபட்டுப் போய்விடும். இந்த ஒரு இடம் மனதில் பதிந்துவிட்டால் பாடத்தில் பாதி முடிந்தது.

படி 1: புள்ளிகளை எழுதுங்கள். தூரம் முதலில், வாடகை அடுத்து: (12, 760), (27, 1210). தூரத்துக்குத் ‘தூ’, வாடகைக்கு ‘வா’ என்று வைத்துக்கொள்வோம். புத்தகத்தில் எக்ஸ், ஒய் என்று இருக்கும்.

படி 2: சாய்வு காணுங்கள். வாடகை எவ்வளவு கூடியது? 1210 − 760 = 450. தூரம் எவ்வளவு கூடியது? 27 − 12 = 15. சாய்வு = 450 ÷ 15 = 30. கிலோமீட்டர் ஒன்று கூடினால் வாடகை 30 ரூபாய் கூடும். சாய்வு என்பது இந்த ‘ஒன்றுக்கு எவ்வளவு’தான். சந்தைக்குப் போய்வரும் எந்தப் பாட்டிக்கும் தெரிந்த விஷயம்.

எந்தப் புள்ளியிலிருந்து எதைக் கழித்தாலும் சரி, மேலும் கீழும் ஒரே வரிசையில் கழிக்க வேண்டும். மேலே 1210 − 760 என்று போட்டுவிட்டுக் கீழே 12 − 27 என்று போட்டால் −30 வரும். தூரம் கூடக் கூட வாடகை குறையுமா? விடையைக் கேள்வியோடு ஒட்டிப் பார்க்கும் பழக்கம் இருந்தால் இந்தத் தப்பு அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

படி 3: மிச்சத்தைக் கண்டுபிடியுங்கள். 12 கிலோமீட்டருக்கு 12 × 30 = 360. கொடுத்தது 760. மிச்சம் 400. வண்டி வந்து நின்றதற்கான தொகை இதுதான். புத்தகம் இதை ஒய் வெட்டுத்துண்டு என்கிறது. தூரம் சுழியாக இருக்கும்போது கோடு ஒய் அச்சை வெட்டுகிற இடம் அது.

ஆகவே சமன்பாடு:

வா = 30 தூ + 400

படி 4: சரிபாருங்கள். படி 3இல் முதல் புள்ளியைப் பயன்படுத்தியதால் இப்போது இரண்டாவதைப் போடுங்கள். 30 × 27 + 400 = 810 + 400 = 1210. பொருந்துகிறது. 40 கிலோமீட்டருக்கு 1600 ரூபாய். அவர் 1750 கேட்டால் அந்தப் புள்ளி நம் கோட்டில் இல்லை என்று அர்த்தம். கூடுதல் 150 எதற்கு என்று கேட்கலாம். காத்திருந்த நேரத்துக்காக இருக்கலாம்.

இப்போது சூத்திரம். தேர்வில் எழுதும் இரு புள்ளி வடிவத்தில் இதே எண்களைப் போட்டால்:

(வா − 760) / (1210 − 760) = (தூ − 12) / (27 − 12)

குறுக்கே பெருக்கினால் 15 (வா − 760) = 450 (தூ − 12). இருபுறமும் 15ஆல் வகுத்தால் வா − 760 = 30 (தூ − 12). பிரித்து எழுதினால் வா = 30 தூ + 400. நாம் ரசீதை வைத்து யோசித்ததையே சூத்திரமும் செய்கிறது.

மதிப்பெண் போகிற இடம் பெரும்பாலும் குறை எண்கள்தான். (−3, 4), (2, −6) என்ற புள்ளிகளை எடுங்கள். மேலே −6 − 4 = −10. கீழே 2 − (−3). இந்த அடைப்புக்குறியைப் போடாமல் மனதுக்குள்ளேயே கழிப்பவர்கள் −1 என்று எழுதிவிடுகிறார்கள். 2 + 3 = 5 என்பதே சரி. சாய்வு −2. முதல் புள்ளியைப் போட்டால்: ஒய் − 4 = −2 (எக்ஸ் + 3). சுருக்கினால் 2 எக்ஸ் + ஒய் + 2 = 0. இரண்டாவது புள்ளியைப் போட்டுப் பாருங்கள்: 4 − 6 + 2 = 0.

சாய்வு குறை எண்ணாக வந்தால் பயப்பட வேண்டாம். கிருஷ்ணகிரி அணையின் முழு உயரம் 52 அடி. கோடையில் 3ஆம் நாள் 50 அடி, 11ஆம் நாள் 46 அடி என்று ஒரு எடுத்துக்காட்டுக்கு வைத்துக்கொண்டால், சாய்வு −4 ÷ 8, அதாவது நாளுக்கு அரை அடி இறக்கம். சமன்பாடு: மட்டம் = 51.5 − 0.5 × நாள். இதை நீட்டிக்கொண்டே போனால் 103ஆம் நாள் அணை வற்றிவிடும் என்று வரும். அதை நம்பாதீர்கள். அணை மேலே அகலம், கீழே குறுகல். அதே அளவு தண்ணீர் வெளியேறினாலும் அடிமட்டம் நெருங்க நெருங்க நீர்மட்டம் வேகமாக இறங்கும். இரண்டு புள்ளிகளுக்கு இடையில் கோடு ஓரளவு நம்பகமானது. அதைத் தாண்டினால் யோசித்துத்தான் பயன்படுத்த வேண்டும்.

இரண்டு புள்ளியிலும் எக்ஸ் ஒன்றாகவே இருந்தால், உதாரணமாக (5, 1), (5, 9), கீழே சுழி வந்துவிடும். சுழியால் வகுக்க முடியாது. சாய்வு கிடையாது; கோடு நெட்டுக்குத்தாக நிற்கும்; சமன்பாடு எக்ஸ் = 5. அவ்வளவுதான்.

அப்புறம், நீங்களே போட ஒரு கணக்கு. பாலக்கோட்டில் தக்காளி ஏற்றிய வண்டி எடைமேடையில் நிற்கிறது. ஒரே அளவுப் பெட்டிகள். 10 பெட்டியோடு 1160 கிலோ, 24 பெட்டியோடு 1524 கிலோ. ஒரு பெட்டியின் எடை என்ன, காலி வண்டியின் எடை என்ன? 26ம் 900மும் வந்தால் சரி.